பிரேமர் வண்டி

ஷார்ஜா தொழில்பேட்டையில் எங்கள் யார்டுக்கு வந்து சேரும் பழைய வண்டிகளை யாரும் கம்பெனிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஊர்ப் பெயர்தான். கம்பெனியைச் சொல்லி விலை கேட்பவன் புது ஆள். அவனுக்குக் கொஞ்சம் ஏற்றிச் சொல்லலாம். பழகிய ஆள் உள்ளே நுழைந்ததும் ஸலாம் சொல்வதற்கு முன்பே குனிந்து நம்பர் பிளேட்டைப் பார்ப்பான்.

ஜெர்மனியை விட்டு வெளியேறும் வண்டிக்கென்று தனி பிளேட் இருக்கிறது. வெள்ளைத் தகடு, வலது ஓரத்தில் சிவப்புப் பட்டை, இடது பக்கம் ஊரின் சுருக்கம். பெர்லினுக்கு பி. கோல்னுக்கு கே. ஸ்டுட்கார்ட்டுக்கு எஸ். ஒற்றை எழுத்து என்றால் பெரிய ஊர். மூன்று எழுத்து என்றால் மாடு மேய்கிற இடம், வண்டியும் அப்படித்தான் இருக்கும், பொறுமையாக. ஹாம்பர்க், பிரேமன் மாதிரிச் சில ஊர்கள் மட்டும் இந்தக் கணக்கில் அடங்காதவை. ஒரு காலத்தில் வியாபாரிகள் சங்கம் வைத்து ஆண்ட துறைமுகங்களாம் அவை. அந்தப் பெருமையை விட மனமில்லாமல் ஊரின் எழுத்துக்கு முன்னால் சங்கப் பெயரின் முதல் எழுத்தாக ஒரு எச் சேர்த்துக்கொள்கிறார்கள்: எச்.எச்., எச்.பி. நானும் காயல்பட்டினத்துக் கடல் வியாபாரிக் குடும்பம் என்பதால் அந்த வீம்பு எனக்குப் பிடித்திருந்தது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவன் ரிஜோ. குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரன். என் கடையில் கவுன்ட்டரில் நிற்பவன். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். அதைக் கேட்டுக் கேட்டு அவனும் என்னை அப்படியே கூப்பிடப் பழகிவிட்டான்.

"பிரேமன்னா பிரேமர், காக்கா. கோல்ன்னா கோல்னர். ஊருக்க வாலுல ஒரு 'அர்'ரு ஒட்டினா போதும். ஆளுக்கும் அதான், பாலத்துக்கும் அதான், தின்னுக பண்டத்துக்கும் அதான்."

"இதைப் படிக்கவா பீஸ் கட்டுறே? எங்க ஊர்க்காரரைக் காயலார்ங்குறோம். கீழக்கரைக்காரரைக் கீழக்கரையார்ங்குறோம். ஜெர்மன்காரன் எங்ககிட்ட இருந்துதான் தூக்கிட்டுப் போயிருக்கான்."

"அப்போ ஹாம்பர்கர்? அதுவும் காயல்ல இருந்து போனதாக்கும்?"

"அது நம்ம மஸ்கோத்து அல்வா மாதிரிடா. கிண்டுறவன் மஸ்கட்டைக் கண்ணால பாத்திருப்பானா?"

கவுன்ட்டரில் அவன் ஒரு கலைஞன். அல் ஐனில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஹஃபீஸ் பாய் என்ற ஹைதராபாத்காரர் எங்களுக்கு நிரந்தர வாடிக்கை. அவரிடம் ரிஜோ அவிழ்த்துவிடும் கதைகளுக்கு அளவே இல்லை. ஸ்டுட்கார்ட்டர் என்றால் பிறந்த வீட்டிலேயே வளர்ந்த வண்டி. பெர்லினர் என்றால் பல கை மாறியது, பாஷைகூட நாலு தெரியும். பிரேமர் வந்தால் மட்டும் அவன் குரல் இறங்கிவிடும். "பாய், யே பிரேமர் ஹை. நர்ஸம்மா ஓட்டின வண்டி. பிரேக்கைக்கூட வலிக்காம மிதிச்சிருப்பாங்க."

ஹஃபீஸ் பாய் சிரித்துக்கொண்டே அந்த நர்ஸம்மாவுக்காக ஒரு விலை கொடுப்பார்.

நர்ஸம்மா கற்பனை இல்லை. ரிஜோவின் மனைவி சுபிஷா பிரேமனில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதற்கு முன் ராஸ் அல் கைமாவில் ஒரு கிளினிக்கில் இருந்தாள். அப்போது லீவ் விட்டால் ரிஜோ பஸ் ஏறிவிடுவான். திரும்பி வரும்போது சட்டையில் இஸ்திரி மடிப்பும் கையில் மீன்குழம்பு டப்பாவும் இருக்கும். அவள் ஜெர்மனிக்குப் போனபின் சட்டை கசங்கியது. டப்பா இன்னும் கடை அலமாரியில்தான் இருக்கிறது, நட்டு போல்ட் போட்டு வைத்திருக்கிறோம்.

அவன் அங்கே போய்ச் சேர ஒரு பரீட்சை பாஸ் செய்ய வேண்டும். ஜெர்மன் பாஷையின் முதல் படி. பாஸ் செய்தால்தான் மனைவியிடம் போக விசாவுக்கு எழுதிப் போடலாம். முதல் தடவை தோற்றுப்போனான். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பை ஓட விட்டு, ரயில் எந்த பிளாட்பாரத்துக்கு வருகிறது என்று கேட்டார்களாம். "எந்த பிளாட்பாரத்துல வந்தா என்ன காக்கா, நான் ஓடிப் போயி ஏறிர மாட்டேனா?" என்று வந்து புலம்பினான்.

அடுத்த பரீட்சைக்குக் காத்திருந்த அந்த நாட்களில்தான் யார்டில் ஒரு வழக்கம் உண்டானது. டிரெய்லரிலிருந்து எச்.பி. வண்டி இறங்கினால் கல்யாணசுந்தரம் உடனே கட்டரை எடுக்க மாட்டார். அவர் புதுக்கோட்டைக்காரர். வண்டியை டேஷ்போர்டுக்குப் பின்னால் குறுக்கே அறுத்து, எஞ்சின் உள்ள முன்பாதியைத் தனியாகப் பிரிப்பது அவர் வேலை. முன்பாதி விலைக்குப் போகும். பின்பாதி நசுக்குகிற மிஷினுக்குப் போகும்.

"ஏய் மாப்ளே, பொண்டாட்டி ஊரு வந்திருக்கு. வந்து ஒக்காந்துட்டுப் போ" என்று கல்யாணசுந்தரம் குரல் கொடுப்பார்.

ரிஜோ கல்லாவை என்னிடம் விட்டுவிட்டு ஓடுவான். டிரைவர் சீட்டில் உட்கார மாட்டான். எப்போதும் பக்கத்து சீட்தான். ஏண்டா என்று ஒருநாள் கேட்டேன். "அவளுக்க ஊருல்லா காக்கா. அவ ஓட்டட்டும்" என்றான்.

கதவைச் சாத்திக்கொண்டு வீடியோவில் அவளைக் கூப்பிடுவான். வண்டிக்குள் கிடைப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டுவான். கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டும் பிளாஸ்டிக் துண்டு. வண்டியை நிறுத்திய நேரத்தை முள் திருப்பிக் கண்ணாடியில் வைக்கும் நீல அட்டை. வைப்பருக்குக் கீழே சிக்கிய காய்ந்த இலை.

"இந்த எலை எங்க உள்ளது?"

"ஆங், அது எங்க ஆஸ்பத்திரி வாசல்ல நிக்க மரம். இப்போ எல்லாம் கொட்டிப் போச்சு."

"டயருக்கு மேல சேறு பாரு."

"ஆத்தங்கரை சேறா இருக்கும். மழை பெய்தா அங்க நடக்கவே முடியாது."

மற்ற கடைக்காரன் சேற்றைப் பார்த்தால் கழுவு என்பான். இவன் விரலில் எடுத்து மோந்து பார்ப்பான். பிளேட்டைக் கழற்றிக் கவுன்ட்டருக்குப் பின்னால் ஆணி அடித்து மாட்டுவான். சுவர் முழுக்க எச்.பி. வெளியே கல்யாணசுந்தரம் கட்டரைத் தூக்கிக்கொண்டு பொறுமையாக நிற்பார். ஒருநாள் நான் சத்தம் போட்டதற்கு, "இருங்க முதலாளி, அவன் இன்னும் வீட்டுக்குப் போயிச் சேரல" என்றார்.

இரண்டாம் பரீட்சைக்குத் துபாய் போன அன்று ரிஜோ இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தான். திரும்பி வந்தவனின் முகத்தைப் பார்த்து மறுபடியும் ரயில் தப்பிவிட்டது என்றே நினைத்தேன்.

"என்னடா, கஷ்டமா?"

"நல்லாத்தான் பண்ணியிருக்கேன்."

"பிறகு என்ன, மூஞ்சி இப்படி?"

ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். பேச்சுப் பரீட்சையில் தன்னைப் பற்றிச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். பெயர், ஊர், வேலை. வேலையைப் பற்றிச் சொல்லும்போது கூடவே, பிரேமர் வண்டிகள் எங்களிடம் நிறைய வருகின்றன, என் மனைவியும் பிரேமனில்தான் இருக்கிறாள் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான். பரீட்சை வைத்த அம்மாவுக்குச் சொந்த ஊரே பிரேமன். சந்தோஷப்பட்டுவிட்டாள். முடிந்து வெளியே வந்தவனை நிறுத்தி இங்கிலீஷில் விளக்கியிருக்கிறாள்.

"அதெல்லாம் பிரேமன்ல ஓடின வண்டி இல்லியாம் காக்கா. அதுக்குக் கொஞ்சம் தள்ளி அவங்களுக்கு ஒரு துறைமுகம் உண்டு. அங்கயும் எச்.பி.தான். நாட்டுக்க எந்த மூலையில இருந்து கொண்டு வந்தாலும் கப்பலேத்துக ஏஜென்ட் அங்க வச்சு இந்தச் செவப்புப் பட்டைத் தகட வாங்கி மாட்டிருவானாம். வண்டி மலையில ஓடினதா இருக்கும், காட்டுல ஓடினதா இருக்கும். பிரேமனுக்குள்ள நொழைஞ்சே இருக்காது."

நான் சுவரைப் பார்த்தேன். எத்தனை எச்.பி. அவ்வளவு வண்டிகளைக் கழித்துக் கட்டுவதற்கு அந்த ஊரில் அத்தனை பேர் இருக்கிறார்களா என்று ஒரு வியாபாரிக்கு என்றைக்கோ சந்தேகம் வந்திருக்க வேண்டும். நல்ல விலை கிடைக்கும்போது யாருக்கு சந்தேகம் வரும்?

அன்று சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் பின்னால் நின்று ஸ்பீக்கரில் போட்டு அவளிடம் பேசினான். தகரச் சுவர்தான் நடுவில். காதைப் பொத்தினால்தான் கேட்காது. நான் பொத்தவில்லை.

"உனக்கு இது தெரியுமா?"

"எது?"

"எச்.பி. துறைமுகத்துத் தகடுன்னு."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"வந்த புதுசுலயே. கூட வேலை செய்யுக பொண்ணு ஒருத்தி சொன்னா."

"அப்போ அந்த எலை? ஆஸ்பத்திரி வாசல் மரம்?"

"அதே போல மரம் இங்கயும் நிக்குதுதானே..."

"சேத்த மோந்து பாத்தேன் சுபிஷா. ஒரு கூட்டம் ஆளுவ பாக்க நின்னு மோந்து பாத்தேன். நீ அங்க இருந்து சிரிச்சியா?"

"சிரிக்கல்ல. சத்தியமா..."

போனை வைத்துவிட்டான்.

சில நாளில் பாஸ் என்று மெயில் வந்தது. பிரியாணி வாங்கி வா என்று காசை நீட்டினேன். வாங்கவில்லை. விசாவுக்கு அப்பாயின்மென்ட் போட்டாயா என்று கேட்டால், "போடலாம்" என்பான். அவள் கூப்பிட்டால் எடுப்பதில்லை. சுவரிலிருந்த எச்.பி. தகடுகளைக் கழற்றி அலுமினியம் வாங்குகிறவனிடம் கொடுத்துவிட்டான். ஆணிகள் மட்டும் மிச்சம்.

நியாயமாகப் பார்த்தால் எனக்கு இது லாபம். இவன் போய்விட்டால் இப்படிப்பட்ட நாக்கு எனக்கு எங்கே கிடைக்கும்? பேசாமல் இருந்தால் போதும், ஆள் இங்கேயே தங்கிவிடுவான். ஆனால் அந்த நாக்கு கெட்டுப்போனது. ஹஃபீஸ் பாய் வந்து, "பிரேமர் ஏதாவது இருக்கிறதா?" என்று இந்தியில் கேட்டதற்கு, "பிரேமர் விரேமர் குச் நஹி பாய். துறைமுகத்துத் தகடு. எல்லாம் ஒண்ணுதான்" என்றானே பாருங்கள்! உண்மை பேசும் சேல்ஸ்மேனை வைத்துக்கொண்டு யார் கடை நடத்த முடியும்?

தனியாக உட்கார வைத்துப் பேசிப் பார்த்தேன்.

"டேய், என் ஐடி கார்டுல ஷார்ஜான்னு இருக்கு. என்னை ஷார்ஜாவார்னு எவனாச்சும் கூப்பிடுறானா? உன் பாஸ்போர்ட்டு மதுரையில அடிச்சது. அதுக்காக நீ மதுரைக்காரனா? வெளியூர் போறதுக்கு ஏதோ ஒரு ஊரோட முத்திரை வேணும். அவ்வளவுதான். இதுல அந்தப் புள்ளை என்ன செய்யும்?"

"நான் மதுரைக்காரன்னு அவகிட்ட சொன்னது உண்டா காக்கா?" என்று எழுந்து போய்விட்டான்.

விலை பேசுகிற இடத்தில் இப்படி ஒருவன் எழுந்து போனால், அவன் இன்னும் வாங்கத்தான் நினைக்கிறான் என்று என் வாப்பா சொல்வார். அதை நம்பிக்கொண்டு இருந்தேன்.

பிறகு ஒரு வியாழக்கிழமை, வெயில் ஏறிய நேரத்தில் டிரெய்லர் வந்தது. சாம்பல் நிற வேகன். எச்.பி. முன்பாதியை ஹஃபீஸ் பாய் முன்பே பேசி வைத்திருந்தார்; பிக்கப்பை எடுத்துக்கொண்டு அவரே வந்து நின்றார்.

கல்யாணசுந்தரம் வழக்கம்போல, "மாப்ளே, வந்திருக்கு" என்றார். ரிஜோ கவுன்ட்டரில் பில்டர்களை அடுக்கிக்கொண்டிருந்தான். திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். "அண்ணே, நீங்க அறுங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

கல்யாணசுந்தரம் கட்டரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் ஹஃபீஸ் பாயைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "யல்லா, அறுங்க" என்றேன்.

நெருப்புப் பொறி பறந்தது. கூரைக் கம்பி, தரை, ஒயர்கள். வண்டி இரண்டாகப் பிரிந்து மூக்குப் பக்கம் சாய்ந்தது. ஃபோர்க்லிஃப்ட் அதைத் தூக்கி பிக்கப்பில் வைத்தது. சீட்டுகளோடு பின்பாதி மட்டும் நின்றது, வாயைத் திறந்து வைத்த மாதிரி.

ஹஃபீஸ் பாய் கயிறு கட்டிக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. வீடியோ கால். சுபிஷா. ரிஜோ போன் எடுக்காததால் எனக்கே கூப்பிட்டிருக்கிறாள். படம் ஆடியது. ஒரே காற்று. முகம் சிவந்து, மூக்கு இன்னும் சிவந்து.

"காக்கா, அவங்ககிட்ட குடுங்க. உங்க போன்னா கட் பண்ண மாட்டாங்க, பாத்தியளா."

அந்தக் கணக்கு எனக்குப் பிடித்தது. போனைக் கொண்டுபோய் ரிஜோவின் முன்னால், பில்டர் பெட்டியின் மேல் சாய்த்து வைத்தேன். தள்ளிப் போவதுபோல் போனேன், காது கேட்கிற தூரம் வரைக்கும்.

"எங்க நிக்கே?" என்று அவன்தான் முதலில் கேட்டான்.

"துறைமுகத்துல. இன்னைக்கு ஆஃப். ரயிலேறி வந்தேன். பாருங்க."

படம் திரும்பியது. கம்பி வேலி. அதற்கு அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டும் வரை வண்டிகள். வரிசை வரிசையாக, பக்கத்து வரிசைகளில் சிவப்புப் பட்டை தெரிந்தது. பின்னால் சாம்பல் நிறக் கடல், வீடு மாதிரி ஒரு கப்பல்.

"இதுல ஒண்ணும் எனக்க ஊரு வண்டி இல்ல. சரிதான். ஆனா எல்லாம் உங்க ஊருக்கு வருக வண்டியாக்கும். எங்கெங்க இருந்தோ வந்து இங்க நிக்குது. பிறகு நேரா நீங்க நிக்க இடத்துல வந்து எறங்குது. எனக்கு அப்படி வர முடியல்லியே. நீங்க சீட்டுல உக்காந்து, 'இதோ உனக்க பக்கத்துல இருக்கேன்'னு சொல்லுகப்போ, அது இந்த ஊரு வண்டி இல்ல, எறங்குங்கன்னு எப்படிச் சொல்ல? வாய் வரல்ல. அதான் எலை, சேறு எல்லாத்துக்கும் ஆமா போட்டேன்."

காற்று இரைந்தது. இல்லாத ஒரு பில்லை நான் தேடிக்கொண்டிருந்தேன்.

"தொப்பி எங்க?" என்றான் ரிஜோ.

"ரயில்ல விட்டுட்டேன்."

"காதை மூடு. காதுல காத்துப் போனா உனக்குத் தலைவலி வருமே."

அவள் ஒரு கையால் ஒரு காதை மூடினாள். "இன்னைக்கு வண்டி எதுவும் வந்துதா?"

"வந்துது. அறுத்தாச்சு. பின்பாதி நிக்கு."

"சீட் இருக்கா?"

"இருக்கு."

"அப்போ போயி ஏறுங்க."

அவன் என்னைக் கேட்காமல் என் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். நசுக்கும் மிஷினுக்கு ஏற்றப் பின்பாதியில் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்த கல்யாணசுந்தரம் அவன் வருவதைப் பார்த்ததும் சங்கிலியைக் கீழே போட்டார்.

கதவின் முன் கீல் அறுந்து போயிருந்தது. அவன் கதவைத் தொடாமல் முன்பக்கமாகவே ஏறினான். டேஷ்போர்டு இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அறுத்த தகட்டின் ஓரத்தில் காலைக் கவனமாக வைத்துக்கொண்டு, பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். எதிரே கண்ணாடி இல்லை. யார்டு வாசல், தொழிலாளர் பஸ், மணல், அதற்குப் பின்னால் வெயில். பெல்ட்டை இழுத்தான். அது வந்தது. மாட்டிக்கொண்டான்.

"க்யா ஹுவா?" என்று ஹஃபீஸ் பாய் கயிற்றைப் பிடித்தபடி கேட்டார்.

"குச் நஹி பாய்" என்றார் கல்யாணசுந்தரம். "வீட்டுக்குப் போறான். தோ மினிட்."

ரிஜோ போனைத் தனக்கு முன்னால், கண்ணாடி இருந்திருக்க வேண்டிய உயரத்தில் பிடித்துக்கொண்டான். அங்கேயிருந்து வரும் கடலைத்தான் பார்க்கிறான் என்று தெரிந்தது. மெதுவாக ஏதோ பேசினார்கள். அது எனக்குக் கேட்கவில்லை. கேட்க முயற்சியும் செய்யவில்லை, இந்தத் தடவை.

கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே கத்தினான். "காக்கா, விசா ஆபீஸுக்குப் போணும். ஒரு நாள் லீவ் வேணும்."

"அரை நாள்" என்றேன். நாற்பது வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொன்னது.

"முழு நாள்."

வாங்குகிறவனின் அவசரம் தெரிந்துவிட்டால் விலையை இறக்காதே என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். பெல்ட் போட்டுக்கொண்டு பாதி வண்டியில் உட்கார்ந்திருப்பவனை விட அவசரக்காரன் எங்கே இருக்கிறான்?

இருந்தும், "சரி, முழு நாள்" என்றேன். "என் போனைக் குடுத்துட்டுப் போ."

அவன் கொடுக்கவில்லை. ஹஃபீஸ் பாயின் பிக்கப் கிளம்பி, அந்த வண்டியின் முன்பாதியை ஏற்றிக்கொண்டு, அவன் கண்ணெதிரே வாசலைத் தாண்டி அல் ஐன் பக்கம் திரும்பிப் போனது. பின்பாதி இன்னும் நின்றிருந்தது. கல்யாணசுந்தரம் சங்கிலியின் மேல் உட்கார்ந்து பீடியைத் தேடிக்கொண்டிருந்தார்.